கேரட்டுக்கு ரெண்டு மாத்திரை

கொடைக்கானலில் ஒரு ரகசியத்தின் விலை இருபத்தைந்து காசு. 1979-ஆம் வருஷத்து விலை. சீசன் நேரத்தில் ஏரிக்கரையில் ஒரு கிளாஸ் டீக்கே நாற்பது காசு பிடுங்கினார்கள். குதிரைமேல் ஏறி ஒரு சுற்று வர இரண்டு ரூபாய், இறங்கத் தெரியாதவர்களுக்கு மூன்று. ரகசியம் மட்டும் சீசனிலும் ஏறவில்லை, மழையிலும் இறங்கவில்லை. அதை வாங்கிப் பூட்டி வைத்தவள் நர்ஸ் கித்தேரியம்மாள்.

ஏழு ரோட்டுச் சந்திப்பிலிருந்து இறங்கும் சரிவில் மாணவியர் நலச் சங்கம் என்று ஒரு சங்கம், மலைக் கிராமத்துப் பெண்பிள்ளைகளுக்காக விடுதி நடத்தியது. பிள்ளைகள் நாற்பத்திரண்டு பேர். விடுதியை ஒட்டித் தகரக்கூரை போட்ட ஒற்றை அறை, வாசலில் 'மருந்தகம்' என்று போர்டு. இருபத்தைந்து காசு கொடுத்தால் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு டிக்கெட் கிழித்துத் தருவாள். டிக்கெட்டுக்கு மாத்திரை உண்டு, கட்டு உண்டு, கித்தேரியம்மாளின் இரண்டு காதும் உண்டு. அந்தக் காதுக்குள் போன சமாச்சாரம் வாய் வழியாக வெளியே வந்ததாக ஊரில் ஒருவரும் சொன்னதில்லை. விடுதிப் பிள்ளைகளின் டிக்கெட் காசைச் சங்கமே கட்டிவிடும். ஊர்க்காரர்கள் மடியை அவிழ்க்க வேண்டும்.

கித்தேரியம்மாளின் அப்பா இருதயசாமி, ஒட்டன்சத்திரம் சந்தையில் மாட்டுத் தரகர். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து வாங்குகிறவன் கைமேலும் தன் கைமேலும் போர்த்துவார். உள்ளே விரல் பிடித்து விலை நடக்கும். இரண்டு விரலைப் பிடித்தால் இரண்டு, கையை முழுசாகப் பிடித்தால் ஐந்து. பத்தா, நூறா என்பது மாட்டின் பல்லைப் பொறுத்தது. சுற்றி நூறு பேர் நின்று வேடிக்கை பார்ப்பார்கள், ஒருத்தருக்கும் விலை தெரியாது. துண்டுக்குள் கொடுத்த கையை மாற்றிப் பேசியவன் மறுவாரம் சந்தைப் பக்கம் தலைகாட்ட முடியாது. நர்ஸ் படிப்பில் மூன்று வருஷம் படித்ததில் பாதியைக் கித்தேரியம்மாள் மறந்திருந்தாள். சிறுபிள்ளையில் பார்த்த இதை மறக்கவில்லை.

மருந்தகத்துப் பதிவேட்டில் முன்பெல்லாம் பேரைத்தான் எழுதினாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வடகவுஞ்சிப் பிள்ளை ஒருத்தி, இரண்டு மாதமாக விலக்கு வரவில்லை என்று வந்தாள். உடம்பில் ரத்தம் போதவில்லை, இரும்புச்சத்து மாத்திரை தின்றால் தீருகிற சங்கதி. சமையற்காரி முருகம்மாள் அந்தப் பக்கம் வந்தவள், திறந்து கிடந்த பதிவேட்டில் ஒரு பார்வை பார்த்தாள். அந்த ஒரு வரி சாயங்காலத்துக்குள் பஜாருக்குப் போய், பஸ் ஏறி, போகிற வழியில் ஒரு மாப்பிள்ளையையும் சேர்த்துக்கொண்டு வடகவுஞ்சியில் போய் இறங்கியது. மறுவாரம் அப்பா வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். விலக்கு அடுத்த மாதமே வந்தது. பிள்ளைதான் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வரவில்லை.

கித்தேரியம்மாள் கடைக்குப் போய்ப் புதுப் பதிவேடு வாங்கினாள். அதில் பேர் கிடையாது, காய்தான். விடுதிப் பிள்ளைகளுக்கு மலைக்காய், ஊர்க்காரர்களுக்குக் கீழ்நாட்டுக் காய். எந்தக் காய் எந்த ஆள் என்பது அவள் தலைக்குள் மட்டும்.

"நான் பீட்ரூட்டா? வேற குடுங்க நர்சம்மா," என்று சிணுங்கினாள் ஒரு விடுதிப் பிள்ளை.

"மலைக்காய் தீந்துபோச்சு, பாவக்காதான் மிச்சம். வேணுமா?"

"பீட்ரூட்டே இருக்கட்டும்."

பருவைக் காட்டவும், பேனைக் காட்டவும், காட்ட முடியாததைச் சொல்லவும், பாதி நாள் சும்மா அழவும் பிள்ளைகள் வந்து போனார்கள். ஊர்ப் பெரியவர்களும் விளக்கு வைத்தபிறகு பின்கதவைத் தட்டினார்கள். சங்கத்துத் தலைவர் அடைக்கலராஜ், ரிடையரான போஸ்ட்மாஸ்டர். ஊர்க் கடிதாசியையெல்லாம் முப்பது வருஷம் கையில் வைத்திருந்தும் ஒன்றைக்கூடப் பிரித்துப் பார்க்காதவர் என்று பேர். தன் காய் எது என்பதை மட்டும் அவரால் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. கத்தரிக்காய் என்றாள். திருப்தியாகப் போனார்.

ஜூன் மாதம் சங்கத்துக்குப் புதுச் செயலாளர் வந்தார். சேனாதிபதி, காய்கறி கமிஷன் மண்டி முதலாளி, பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கீழேயிருந்து மலையேறி வந்து நாலு லாரிக்குச் சொந்தக்காரர் ஆனவர். எதையும் எடைபோட்டுப் பார்ப்பவர். விடுதியில் கட்டுப்பாடு எடை குறைந்துவிட்டது என்பது அவர் அபிப்பிராயம். வார்டனம்மாவுக்கு வயதாகிவிட்டது என்று சாயங்காலக் கட்டுப்பாட்டைத் தன் கையிலேயே எடுத்துக்கொண்டார். அக்டோபரில் ஒருநாள் மருந்தகத்துக்கு வந்தார்.

"ஏம்மா, விடுதிப் பிள்ளைக டிக்கெட்டுக்கு மாசம் எம்புட்டு கட்டுறோம்?"

"போன மாசம் ஏழு ரூவா சொச்சம்ங்க."

"காசு கட்டுனா சரக்கு நம்மளோடது. எந்தப் பிள்ளை எதுக்கு வந்துச்சு, என்ன சொல்லுச்சு, எல்லாம் வாராவாரம் எழுதி என் கைக்கு வந்திரணும்."

"காசு நீங்க கட்டுறீங்க. வலிய அதுக கட்டுதுக. பெரிய பங்கு யாரோடதுன்னு நீங்களே எடை போட்டுப் பாருங்க."

"வெடுக்குனு பேசுறத நிப்பாட்டும்மா. ஒரு பிள்ளைக்கு ஒண்ணு ஆகிப்போச்சுன்னா பதில் சொல்றது நானு."

பார்க்கப்போனால் நியாயமான பேச்சுதான். பேச்சு நியாயமாக இருக்கும்போதெல்லாம் தராசுத் தட்டுக்கு அடியில் யார் விரல் இருக்கிறது என்று பார்க்கச் சொல்வார் இருதயசாமி. மறுநாள் டைப் அடித்த உத்தரவு வந்தது: விடுதி மாணவியர் மருந்தகம் வந்தால் பெயர், நோய், கூறிய காரணம் ஆகியவற்றைச் செயலாளருக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். சுவரில் ஒட்டச் சொன்னார். கித்தேரியம்மாள் ஒட்டினாள்.

அந்த வாரம் ஒரு பிள்ளையும் வரவில்லை. தலைவலிகூட வரவில்லை. நாற்பத்திரண்டு பெண்பிள்ளைகள் இருக்கிற கட்டடத்தில் ஒரு வாரம் தலைவலி இல்லை என்றால் வேறெங்கோ பெரிய வலி இருக்கிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போகிற நேரம் பார்த்து வாசலில் நின்று, யாரையும் பார்க்காமல், "உத்தரவு செவுத்துல இருக்கு. புஸ்தகத்துல என்னிக்கும் காய்தான் இருக்கு," என்று யூகலிப்டஸ் மரத்திடம் சொன்னாள். மரத்துக்குப் புரிந்ததோ என்னவோ, திங்கட்கிழமை சாயங்காலம் முள்ளங்கி வந்தாள்.

முள்ளங்கியின் பேர் அன்னக்கொடி. பதினைந்து வயது, பத்தாம் வகுப்பு, ஊர் வெள்ளகவி. அந்த ஊருக்கு ரோடு கிடையாது, ஒற்றையடிப் பாதையில்தான் இறங்க வேண்டும். அப்பா திருமலைச்சாமி பொதிகுதிரையில் காப்பிக்கொட்டையும் ஆரஞ்சும் ஏற்றி இறக்குகிறவர். விடுதி இல்லாவிட்டால் அவளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. பள்ளிக்கூடம் இல்லாவிட்டால் மார்ச்சில் பரீட்சை இல்லை. வெள்ளகவியிலிருந்து பரீட்சை எழுதப்போகிற முதல் பெண்பிள்ளை அவள் என்று அவள் அப்பா குதிரையிடம்கூடச் சொல்லி வைத்திருந்தார்.

"உக்காரு தாயி."

"நிக்கிறேன் நர்சம்மா."

"பஸ்ஸா வரப்போவுது? உக்காரு."

"உக்கார முடியல."

கித்தேரியம்மாள் அவள் பாவாடையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தாள். முழங்காலுக்குப் பின்னால் ஐந்து தடிப்பு, வரிசையாக, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல. ஒன்றில் தோல் உரிந்திருந்தது.

"பாத்ரூம்ல வழுக்கிருச்சு," என்றாள் அன்னக்கொடி.

"அஞ்சு தடவையா? வரிசையாவா?"

கித்தேரியம்மாள் மருந்து தடவினாள். பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலில் ஏறுகிற பனிமூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் அதுவாகவே சொன்னது. "பழனியாண்டவர் படத்துக்கு முன்னால கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணிருக்கேன்."

"என்னான்னு?"

"வாயால யார்ட்டயும் சொல்ல மாட்டேன்னு."

"வாயாலன்னா சொன்ன? நல்லா யோசிச்சுச் சொல்லு. வெறுமனே சொல்ல மாட்டேன்னியா, வாயால சொல்ல மாட்டேன்னியா?"

"வாயாலன்னுதான் சொல்லச் சொன்னாங்க. எல்லாருக்கும் அதே சத்தியந்தான்."

பேச்சில் இம்மாதிரி ஓட்டை விட்டவன் இருதயசாமியிடம் மாட்டியிருந்தால் மாட்டோடு வண்டியையும் கொடுத்துவிட்டுப் போயிருப்பான். "அப்ப கை சும்மாதான கெடக்கு," என்றாள் அவர் மகள். ஆணியில் தொங்கிய துண்டை எடுத்தாள். "ஒங்கய்யா குதிரை வாங்கப் போறப்ப நீ கூடப் போயிருக்கியா?"

பிள்ளையின் முகத்தில் அந்த வாரத்தின் முதல் சிரிப்பு வந்தது. "ரெண்டு தடவை போயிருக்கேன்."

துண்டு விழுந்தது. உள்ளே இரண்டு கை.

"ஒரு விரல்னா சமையக்காரம்மா. ரெண்டுன்னா வார்டனம்மா. மூணுன்னா செக்ரட்டரி. பிடி."

சில்லென்ற சின்னக் கை, மூன்று விரலைச் சேர்த்துப் பிடித்தது.

"எத்தனை பேரு உன்னாட்டம்?"

முழுக் கை. அப்புறம் நாலு விரல். ஒன்பது.

"எதுக்கு?"

இதற்கு விரலில் கணக்கில்லை. அன்னக்கொடி கொஞ்சம் திணறிவிட்டு, துண்டுக்கு வெளியே இருந்த கையால் மேஜைமேல் அரிசி பொறுக்குவதுபோல் காட்டி, அதில் ஒன்றைத் தூக்கி நெளிய விட்டாள். சோற்றில் புழு என்று சொன்னதற்கு. கித்தேரியம்மாளுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"இந்தா பாரு தாயி. ஒன் வயித்துவலி, ஒன் பயம், ஒன் பரு எல்லாம் ஒன்னோடது. அத நான் செத்தாலும் வெளிய விட மாட்டேன். ஆனா இந்த அடி ஒன்னோட ரகசியம் இல்ல. அடிச்சவனோடது. அதுக்கு நான் டிக்கெட் குடுக்கல. இத அமுக்கி வச்சா நாளைக்குப் பத்தாவது பிள்ளைக்கு விழும்."

கை துண்டுக்குள்ளிருந்து உருவிக்கொள்ளப் பார்த்தது. "நான் சொன்னேன்னு தெரிஞ்சா பெட்டியத் தூக்கி வெளிய வச்சிருவாரு. அப்புறம் நான் குதிரைக்குப் பின்னாலதான் நடக்கணும்."

"ஒன் பேரு வராது."

"நீங்களும் வாயால சொல்லக் கூடாது."

அது பெரிய விலை. எதிரே நிற்பது குதிரைக்காரர் மகள், ஒரு விரல்கூட இறங்கப்போவதில்லை. "சரி. என் வாயால வராது," என்று கித்தேரியம்மாள் கையை இறுக்கினாள். வியாபாரம் முடிந்தது.

அவள் போனபிறகு பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள். ஜூனிலிருந்து 'பாத்ரூம்' என்று எழுதிய வரிகள் ஒன்பது. தன் கையால், தனித்தனி நாளில், தனித்தனி காய்க்கு எழுதியவை. ஒவ்வொன்றாக வந்தபோது வழுக்கல், சேர்த்துப் பார்த்தால் பிரம்பு. நர்ஸ் வேலையில் இருபத்திரண்டு வருஷம் இருந்துவிட்டு இதைக் கூட்டிப் பார்க்காமல் விட்டோமே என்று தன்னையே நாலு வார்த்தை கேட்டுக்கொண்டாள். அந்த நாலும் அச்சில் வராது.

அடிபட்ட பிள்ளையைப் பார்த்தால் நர்ஸ் இன்னாரிடம் சொல்லியாக வேண்டும் என்று அந்தக் காலத்தில் சட்டம் ஏதும் இல்லை. ஆனால் அரசாங்க ஆஸ்பத்திரியில் டாக்டர் தமயந்தி இருந்தார், அவரிடம் ஏ.ஆர். புத்தகம் இருந்தது. அடிதடிக் காயத்தை டாக்டர் பார்த்தால் அதில் எழுத வேண்டும், எழுதினால் போலீசுக்குத் தகவல் போக வேண்டும். டாக்டர் சங்கத்துக் கமிட்டியிலும் ஒருவர். வியாழக்கிழமை கமிட்டிக் கூட்டம். பதிவேட்டை டாக்டரம்மா மடியில் வைத்துவிடுவது, வாயைத் திறக்காமல் நிற்பது. இதுதான் கித்தேரியம்மாள் போட்ட திட்டம்.

சேனாதிபதியும் ஒரு திட்டம் போட்டிருந்தார். விடுதி வாட்ச்மேன் ராமர், மருந்தக ஜன்னலுக்குக் கீழே குளிர்காய்ந்தவன், தன் காதில் விழுந்ததை அவரிடம் ஒப்பித்திருந்தான். "கேரட்டுக்கு ரெண்டு மாத்திரை போதும்ங்கிறாங்க முதலாளி. முள்ளங்கி நாளைக்கு வரட்டும், பீன்ஸ எங்க காணோம்ங்கிறாங்க. எனக்கு ஒண்ணும் வெளங்கல."

கமிஷன் மண்டி முதலாளிக்கு விளங்கிவிட்டது. மாத்திரை என்பது படியோ கூடையோ, ஏதோ குழூஉக்குறி. விடுதித் தோட்டத்துக் காயை நர்ஸ் பின்கதவு வழியாக வாங்கி விற்கிறாள். தனக்கு வர வேண்டிய கமிஷன் கண்ணெதிரே போகிறது! வியாழக்கிழமை பதிவேட்டோடு கூட்டத்துக்கு ஆஜராகுமாறு நர்ஸுக்குச் சீட்டு அனுப்பினார்.

கூட்டம் விடுதிக் கூடத்தில். வெளியே மழை, உள்ளே டீயும் வர்க்கியும். அடைக்கலராஜ் தலைவர் நாற்காலியில் கம்பளிக்குள் பாதி தூங்கிக்கொண்டிருந்தார். டாக்டர் தமயந்தி குடையை மூலையில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். கித்தேரியம்மாள் பதிவேட்டை டாக்டர் பக்கமாக நீட்டினாள். நடுவிலேயே அது சேனாதிபதியின் கைக்குப் போய்விட்டது.

"இருங்க டாக்டர். இத நான்தான் வாசிப்பேன். நம்ம சங்கத்துல என்ன யாவாரம் நடக்குதுன்னு எல்லாரும் கேக்கணும்." கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். "ஜூன் பதினெட்டு. கேரட். அடி இரண்டு. பாத்ரூம்." நிமிர்ந்து பார்த்தார். "கேட்டீங்களா? அடிபட்ட கேரட்டு. பாத்ரூம்ல வச்சுக் கைமாறியிருக்கு!"

டாக்டர் டீக் கிளாஸை வாயிலிருந்து இறக்கினார்.

"ஜூலை ரெண்டு. முட்டைக்கோஸ். பேன். கோஸ்ல பேன் விழுந்தா நாங்க மருந்தடிப்போம், இந்தம்மா சீப்பு குடுத்திருக்காம். சீப்பு! ஜூலை ஒம்பது. பீன்ஸ். அடி மூன்று. நீலம் பாய்ந்துவிட்டது. நீலமான பீன்ஸ எவன் வாங்குவான்? அழுகல் சரக்கு. ஜூலை இருபது. நூல்கோல், ரெண்டு மாதமாக வரவில்லை, கவலைப்படுகிறது." அவருக்கே பொறுக்கவில்லை. "நூல்கோல் வரலையா? எம் மண்டிக்கு டெய்லி எட்டு மூட வருது! என்ட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

டாக்டர் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குனிந்துவிட்டார். அடைக்கலராஜின் கண் திறந்தது. அவருக்குக் காய் சாத்திரம் தெரியும். கம்பளியை இழுத்துவிட்டு மெல்லக் கேட்டார். "ஏங்க... கத்தரிக்காயும் அதுல இருக்கோ?"

"எல்லாம் இருக்கும்ங்க தலைவரே. ஒண்ணையும் விட மாட்டேன்."

"கத்தரி வரைக்கும் போகணுமா என்ன? நேரமாச்சே."

சேனாதிபதி நிற்கிற வேகத்தில் இல்லை. உருளைக்கிழங்குக்கு அடி நாலு. டர்னிப்புக்கு அடி இரண்டு. பட்டாணிக்கு அடி ஒன்று, தேம்பல். ஒவ்வொன்றையும் மண்டி ஏலக் குரலில் அவரே கூவினார். பிறகு ஆகஸ்டில் இரண்டு, செப்டம்பரில் ஒன்று. டாக்டரின் சிரிப்பு எப்போதோ நின்றுவிட்டது. அவர் கை மேஜைக்கு அடியில் விரல் மடக்கிக்கொண்டிருந்தது. கித்தேரியம்மாள் அதைப் பார்த்தாள். "அக்டோபர் இருபத்திரெண்டு. முள்ளங்கி. அடி ஐந்து. தோல் உரிந்துவிட்டது. உட்கார முடியவில்லை."

முள்ளங்கி எப்படி உட்காரும் என்ற கேள்வி அவருக்கு அந்த இடத்தில் வந்திருக்க வேண்டும். ஆனால் பக்கம் புரண்டு ஊர்க்காரர்கள் பகுதி வந்துவிட்டது. புரண்ட பக்கத்தைப் பார்த்ததும் கித்தேரியம்மாள் பதறி எழுந்தாள். அந்தப் பக்கம் ஒரு டிக்கெட்காரருடையது. யாராயிருந்தாலும் டிக்கெட் டிக்கெட்தான்.

"சார், இம்புட்டோட நிப்பாட்டிக்கிடுங்க. மேல வாசிக்காதீங்க. ஒங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"பாத்தீங்களா, இங்கதான் பெரிய சரக்கு கெடக்கு!" சேனாதிபதி பதிவேட்டை உயர்த்திப் பிடித்தார். "சேனைக்கிழங்கு! மலையில சேனை ஏது? கீழேயிருந்து வந்த சரக்கு! விளக்கு வைத்தபிறகு பின்கதவு வழியாக வந்தது. திருட்டுச் சரக்குன்னு எழுதியே வச்சிருக்கா! மூலம். உட்கார..."

குரல் லாரி மேட்டில் நிற்பதுபோல் நின்றது.

"...முடியவில்லை. களிம்பு கொடுத்தேன். யாரிடமும் சொல்ல வேண்டாம்... என்றது." கடைசி வார்த்தைகள் அவருக்கே கேட்டிருக்காது.

சேனாதிபதி பதிவேட்டை மூடினார். கேரட்டும் பீன்ஸும் முள்ளங்கியும் யாரென்று அவர் முகத்தில் வரிசையாக வந்து போனது தெரிந்தது. மெல்ல உட்கார்ந்தார், ஒரு பக்கமாக.

"சேனைக்கு அப்புறம் என்னாச்சு?" என்றார் அடைக்கலராஜ். கத்தரிக்காய் தப்பித்த நிம்மதி அவருக்கு.

டாக்டர் பதிவேட்டை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். "ஏன் சார் நிறுத்திட்டீங்க? சரி, இருக்கட்டும். கித்தேரி, அடிபட்ட காய் மொத்தம் எத்தனை? எனக்கு ஒம்பது வந்துச்சு."

"எனக்கும் ஒம்பதுதாங்க டாக்டரம்மா."

"யார் அடிச்சது?"

"நான் வாயால சொல்ல மாட்டேன்னு கை குடுத்திருக்கேங்க."

டாக்டர் சேனாதிபதியைப் பார்த்தார். அவர் வர்க்கித் தட்டைப் பார்த்தார். கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்பதை அடைக்கலராஜ்கூட உணர்ந்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நாளைக்கு விடுதியில மெடிக்கல் செக்கப்," என்றார் டாக்டர். "நாப்பத்திரெண்டு பிள்ளைங்களும். எடை, உயரம், கண்ணு, காது, காலு. ஒருத்தி விடாம. அப்படிப் பாத்தா யாரும் யார்ட்டயும் போய்ச் சொன்னதா ஆகாது பாருங்க. என் கண்ணுல பட்டது என் புத்தகத்துல ஏறும். புத்தகத்துல ஏறினது ஸ்டேஷனுக்குப் போகும். என் இஷ்டம் இல்ல சார், அது எங்க ஆபீஸ் சட்டம்."

சேனாதிபதிக்குக் குரல் திரும்பி வந்தது. வேறு குரல், தரை டிக்கெட் குரல். "டாக்டர், அது... நோயாளி ரகசியம்னு ஒண்ணு இருக்குல்லங்க?"

"இருக்கு சார். அதனாலதான் சேனை யாருன்னு நான் கேக்கல."

மறுநாள் காலை வெள்ளனே எடை மெஷின் கூடத்துக்கு வந்தது. தட்டியைக் கட்டி மறைத்து, ஒவ்வொரு பிள்ளையாக உள்ளே கூப்பிட்டார்கள். சேனாதிபதிக்கு அன்றைக்கு மண்டியில் அவசர சோலி. முதலில் போன பிள்ளைகள் எடை மட்டும் காட்டிவிட்டு வந்தார்கள். கேரட் உள்ளே போய்க் கால்மணி நேரம் இருந்தாள். உருளைக்கிழங்கு அழுதுகொண்டு போய்ச் சிரித்துக்கொண்டு வந்தாள். இருபத்தேழாவது ஆள் அன்னக்கொடி. தட்டியின் வாசலில் நின்றுவிட்டாள்.

"சத்தியம்," என்றாள் கித்தேரியம்மாளிடம், உதடு அசையாமல்.

"ஒன்ன யாரு வாயத் தொறக்கச் சொன்னா? வெரசா போயி டாக்டரம்மாவுக்கு முதுகக் காட்டி நில்லு. அவங்க கண்ணு அவங்க வேலையப் பாக்கட்டும். வேணும்னா துண்டு எடுத்துக்க."

பிள்ளை துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனது. சற்று நேரத்தில் டாக்டரின் குரல் கேட்டது. "கித்தேரி! இந்தப் பொண்ணு என் கைமேல துண்டப் போட்டு விரலப் புடிச்சு முறுக்குது. என்ன வேணுமாம்?"

"விலை பேசுறா டாக்டரம்மா! மூணு விரலா?"

"ஆமா, மூணு."

"அப்ப சரிதாங்க. எழுதிக்கிடுங்க!"

ஏ.ஆர். புத்தகத்தில் அன்றைக்கு ஒன்பது வரி ஏறியது. மறுநாள் சப்-இன்ஸ்பெக்டர் வந்து, பிள்ளைகளை விட்டுவிட்டுப் பெரியவர்களை விசாரித்தார். பிரம்பாகப் பயன்பட்ட வாட்டில் மரத்துக் குச்சி ஒன்று செயலாளர் அலமாரியில் கிடைத்தது. சேனாதிபதி உடல்நலக் குறைவு காரணமாக ராஜினாமா செய்தார். ராஜினாமாக் கடிதத்தில் ஒருவர் உண்மையை எழுதுவது அபூர்வம், அவர் எழுதினார். வழக்கு வத்தலக்குண்டுக்கும் கொடைக்கானலுக்குமாக வாய்தா வாங்கிக்கொண்டு பஸ்ஸில் போய் வந்தது. என்ன தீர்ப்போ, விடுதி கேட்டுக்கு உள்ளே அவர் கால் அப்புறம் விழவில்லை. பிள்ளைகளில் யார் சொன்னார்கள் என்று முருகம்மாள் ஒரு மாதம் துப்புத் துலக்கிப் பார்த்தாள். நாற்பத்திரண்டு பேரும் எடைதான் போட்டுக்கொண்டார்கள்.

சுவரிலிருந்த உத்தரவைக் கமிட்டி மாற்றியது. வாசகம் கித்தேரியம்மாளுடையது, கையெழுத்து அடைக்கலராஜுடையது: பிள்ளைக்கு நோய் என்றால் நோய் பிள்ளையோடு. பிள்ளைக்கு அடி என்றால் அன்றைக்கே டாக்டருக்கு. சோற்றில் புழு என்றால் தலைவருக்கு. தலைவர் அன்றிலிருந்து வாரம் ஒருநாள் விடுதியில் சாப்பிட்டார். இரண்டே வாரத்தில் அரிசி மாறியது.

மார்ச்சில் பரீட்சை. முதல் நாள் காலை திருமலைச்சாமி குதிரையோடு மேலே வந்துவிட்டார். மகளை ஏற்றி ஏழு ரோடு வழியாகப் பள்ளிக்கூடம் வரை கொண்டுபோய் இறக்கினார். ஏரிக் குதிரைக்காரர்கள் இரண்டு ரூபாய் கேட்டுச் சத்தம் போட்டார்கள். அன்னக்கொடி இறங்கிப் பரீட்சைக் கூடத்துப் பெஞ்சில் போய் நன்றாக, நேராக உட்கார்ந்தாள். மே மாதம் ரிசல்ட் வந்தபோது கித்தேரியம்மாளின் கைமேல் துண்டைப் போட்டு மார்க்கைச் சொன்னாள். நாலு விரல், அப்புறம் இரண்டு, அப்புறம் ஒன்று. நானூற்றிருபத்தொன்று.

அன்று சாயங்காலம் கித்தேரியம்மாள் வருஷக் கணக்கை முடித்தாள். காய்கறிப் பதிவேட்டின் கடைசிப் பக்கம் இப்படி இருக்கிறது:

வரவு, ரகசியம்: அறுநூற்றுப் பன்னிரண்டு. வெளியே போனது: இல்லை. இருப்பு: அறுநூற்றுப் பன்னிரண்டு.
அடி: ஒன்பது. டாக்டரிடம் ஒப்படைத்தது: ஒன்பது. இருப்பு: இல்லை.
முள்ளங்கி: பாஸ்.
சேனைக்கிழங்கு: டிக்கெட் காசு இருபத்தைந்து, இன்னும் வரவில்லை. பாக்கி.